‘சாண்டோ’ என்றால் பனியன் மட்டும்தானா? நடிகராகத் தொடங்கி இயக்குநரான ராஜா சாண்டோவின் கதை

கள்ளக்குறிச்சி கடைவீதியிலோ கச்சிராயபாளையத்திலோ ஒரு ஜவுளிக்கடையில் போய், "ஒரு சாண்டோ பனியன் கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கை இல்லாத பனியனை எடுத்து நீட்டுவார். சாண்டோ யார் என்று யாரும் கேட்பதில்லை. சினிமா தெரிந்த பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால், "நம்ம சாண்டோ சின்னப்பா தேவர்தானே?" என்பார்கள். அவருக்கும் முன்னால் இன்னொரு சாண்டோ தமிழ் சினிமாவில் இருந்தார். பெயர் ராஜா சாண்டோ. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளோடு சேர்த்து அறிவிக்கப்படும் ‘ராஜா சாண்டோ விருது’ இவர் பெயரில்தான் தரப்படுகிறது.

விருதின் பெயர் காதில் விழுந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். காரணம் எளிமையானது. அவர் தமிழில் எடுத்த முதல் 5 படங்களில் ஒன்றைக்கூட இன்று நம்மால் பார்க்க முடியாது.

யார் இந்த ராஜா சாண்டோ? உடற்பயிற்சிக்காரர் எப்படி நடிகர் ஆனார்? நடிகர் எப்படி இயக்குநர் ஆனார்? அதே காலத்தில் ஹாலிவுட்டில் என்ன நடந்தது? அந்தப் படங்கள் எங்கே போயின? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘சாண்டோ’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

யூஜின் சாண்டோ என்று ஒரு ஜெர்மானியர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் தன் உடல்கட்டால் அசரவைத்தவர். மேடையில் ஏறி எடை தூக்குவார், சங்கிலியை அறுப்பார், தசைகளை முறுக்கிக் காட்டுவார். 1904-05 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து நிகழ்ச்சி நடத்தினார். அவர் வந்துபோன பிறகு இந்திய நகரங்களில் உடற்பயிற்சி மோகம் பிடித்துக்கொண்டது. தண்டால், பஸ்கி எடுத்து உடம்பைத் தேற்றியவர்கள் தங்கள் பெயரோடு ‘சாண்டோ’வைச் சேர்த்துக்கொண்டார்கள். பயில்வான் என்பதற்கு அது ஒரு பட்டம் மாதிரி ஆகிப்போனது. தசை தெரியும்படியான கை இல்லாத பனியனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

புதுக்கோட்டையில் 1894-இல் பிறந்தவர் பி.கே. நாகலிங்கம். சிறுவயதிலிருந்தே உடற்பயிற்சியில் ஆர்வம். ஜிம்னாஸ்டிக்ஸ் வித்தைகளில் கைதேர்ந்தவர். அவருக்கும் ‘சாண்டோ’ பட்டம் வந்தது. பிறகு உலகத்துக்கு அவர் பி.கே. ராஜா சாண்டோ ஆனார்.

புதுக்கோட்டைக்காரர் பம்பாயில் எப்படி ஹீரோ ஆனார்?

1920-களின் தொடக்கம். சினிமா இன்னும் பேசவில்லை. பம்பாயில் பட கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று எஸ்.என். பாடங்கரின் நேஷனல் பிலிம் கம்பெனி. அங்கேதான் ராஜா சாண்டோ போய்ச் சேர்ந்தார். ‘பக்த போதனா’ (1922), ‘வீர் பீம்சேன்’ (1923) போன்ற படங்களில் நடித்தார். பீமன் வேஷத்துக்கு ஒரு பயில்வான் வேண்டும். இவருக்குக் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, கேமரா முன்னால் நின்றால் போதும்.

இந்தி தெரியாத, குஜராத்தி தெரியாத ஒரு தமிழர் பம்பாயில் எப்படிக் கதாநாயகன் ஆக முடியும் என்று இன்று நமக்குத் தோன்றலாம். மௌனப் படத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வசனம் கிடையாது. கதையின் முக்கியத் திருப்பங்கள் எழுத்து அட்டைகளாகத் திரையில் வரும். அவற்றைப் பல மொழிகளில் எழுதிக்கொள்ளலாம். படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கதையை உரக்கச் சொல்வதும் உண்டு. நடிகருக்கு வேண்டியது முகம், உடம்பு, அசைவு. அந்த மூன்றும் சாண்டோவிடம் இருந்தன.

புராணப் பயில்வானாகவே அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் முக்கியம். கோஹினூர் கம்பெனியில் ஹோமி மாஸ்டர் இயக்கிய ‘டெலிபோன் கேர்ள்’ (1926), சந்துலால் ஷா இயக்கிய ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926), ‘குணசுந்தரி’ (1927) ஆகிய படங்களில் நடித்தார். சுலோச்சனா, கோஹர் என அந்தக் கால உச்ச நட்சத்திரங்களுக்கு ஜோடி. தலைப்புகளைப் பார்த்தாலே புரியும். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், ஆபீசில் டைப் அடிக்கும் பெண் என்று, நகரத்தில் புதிதாக உருவாகிவந்த வாழ்க்கையைப் பேசிய படங்கள் அவை. வேட்டி கட்டிய பீமன், கோட்டு சூட்டு போட்ட நவீன நாயகனாக மாறினார்.

1928-இல் ‘ஸ்னேஹ ஜோதி’ என்ற மௌனப் படத்தை இயக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நடிகர், இயக்குநர் ஆனார்.

நடிகர்கள் ஏன் இயக்குநர் ஆனார்கள்? ஹாலிவுட்டில் என்ன நடந்தது?

இது சாண்டோவுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. சினிமா பிறந்த காலத்தில் உலகம் முழுக்க இப்படித்தான். இயக்குநர் வேலையைச் சொல்லித்தர அன்று பள்ளிக்கூடம் கிடையாது. கேமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எப்படி விழுகிறது, ஒரு காட்சியை எத்தனை துண்டாக எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நடிகர்கள்தான். கொஞ்சம் கவனிக்கத் தெரிந்தவனுக்குப் படப்பிடிப்புத் தளமே பள்ளிக்கூடம்.

அமெரிக்காவின் டி.டபிள்யூ. கிரிஃபித்தை எடுத்துக்கொள்ளலாம். நாடக நடிகர். கதை விற்கத்தான் சினிமா கம்பெனிக்குப் போனார். கதையை வாங்காமல், நடிக்க வைத்தார்கள். 1908-இல் பயோகிராஃப் கம்பெனியில் இயக்குநர் நாற்காலி காலியானபோது அதில் உட்கார்ந்தார். அடுத்த 5 ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்துத் தள்ளினார். சார்லி சாப்ளின் 1914-இல் நடிகராகக் கீஸ்டோன் கம்பெனியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே தன் படங்களைத் தானே இயக்கத் தொடங்கிவிட்டார்.

சாண்டோவின் கதைக்கு இன்னும் நெருக்கமானவர் ரவுல் வால்ஷ். குதிரை ஏறத் தெரிந்ததாலேயே சினிமாவுக்குள் நுழைந்தவர். இனவெறியைப் பரப்பிய படம் என்று இன்றுவரை கண்டிக்கப்படும் கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) படத்தில், ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் வேடத்தில் நடித்தார். அதே ஆண்டிலேயே ‘ரீஜெனரேஷன்’ என்ற முழுநீளப் படத்தை இயக்கினார். 1924-இல் அவர் இயக்கிய ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ இந்தியாவிலும் சக்கைப்போடு போட்டது. அன்றைய இந்திய ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த வெளிநாட்டுப் படங்களின் வரிசையில் அதற்கு முதலிடம் என்றே சொல்லலாம்.

வால்ஷுக்கு நடிப்பின் மீதும் ஆசை விடவில்லை. 1928-இல் ‘இன் ஓல்ட் அரிசோனா’ என்ற பேசும் படத்தில் தானே கதாநாயகனாக நடித்து, தானே இயக்கவும் ஏற்பாடு. வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போன இடத்தில், ஓடும் காரின் முன் கண்ணாடியில் ஒரு காட்டு முயல் வந்து மோதியது. கண்ணாடி சிதறி அவருடைய வலது கண் போனது. அந்த வேடத்தை வார்னர் பேக்ஸ்டர் ஏற்று நடித்து ஆஸ்கர் வாங்கினார். வால்ஷ் கண்ணில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, நடிப்பை மறந்துவிட்டு, 1964 வரை படம் இயக்கினார்.

வால்ஷின் நடிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஒரு முயல். சாண்டோவின் பாதையைத் திருப்பியது ஒலி. ஆனால் அது நடப்பதற்கு முன்னால் அவர் சென்னையில் ஒரு வேலையை முடித்திருந்தார்.

சென்னைக்குத் திரும்பி வந்து என்ன செய்தார்?

1910-களின் பிற்பகுதியில் ஆர். நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்துத் தென்னிந்திய சினிமாவைத் தொடங்கிவைத்தார். ஆனாலும் அடுத்த பத்தாண்டுகளில் இங்கே தொழில் பெரிதாக வளரவில்லை. கொட்டகைகளில் ஓடியவற்றில் பெரும்பங்கு அமெரிக்கப் படங்கள். எடி போலோ என்ற சண்டை நடிகரின் தொடர் படங்களுக்குத் தமிழ்நாட்டு ரசிகர்கள் பித்துப்பிடித்து அலைந்தார்கள். உள்நாட்டுப் படங்களை எப்படி ஊக்குவிப்பது என்று ஆராய ஆங்கிலேய அரசே 1927-இல் ஒரு குழு போட்டது. அதற்குத் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார்.

இந்தச் சூழலில்தான் ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ் கம்பெனிக்காக ராஜா சாண்டோ சென்னை வந்தார். 1930, 1931 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அனாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’, ‘உஷா சுந்தரி’ என 5 மௌனப் படங்களை இயக்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயங்கள். ஒன்று, பம்பாயில் பார்த்துப் பழகிய சமூகக் கதைகளை அவர் இங்கே கொண்டுவந்தார். புராணம் எடுத்தால்தான் காசு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பெண்ணின் நிலை, அனாதையின் வாழ்க்கை என்று படம் எடுக்கத் துணிச்சல் வேண்டும். இரண்டாவது, அவரைச் சுற்றி ஒரு தலைமுறை தொழில் கற்றது. கும்பகோணத்து வழக்கறிஞர் ஒருவர் அந்தக் கம்பெனியில் சாண்டோவின் படங்களுக்குத் துணையாக இருந்து சினிமா பழகினார். அவர் பெயர் கே. சுப்ரமணியம். பின்னாளில் ‘பவளக்கொடி’ (1934) எடுத்து எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தவர், ‘சேவாசதனம்’ (1938), ‘தியாகபூமி’ (1939) எடுத்தவர் அவர்தான். பம்பாயின் தொழில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த பாலங்களில் ராஜா சாண்டோவும் ஒருவர்.

படம் பேசத் தொடங்கியதும் என்ன மாறியது?

1931 மார்ச் 14-இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னையில் ‘காளிதாஸ்’ வந்தது. சில ஆண்டுகளுக்குள் மௌனப் படத்தின் காலம் முடிந்துபோனது.

இதனால் நடிகர்களுக்கு என்ன ஆனது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நேற்றுவரை மொழிக்கு எல்லை இல்லை. இன்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வேலி. நேற்றுவரை உடம்பு போதும். இன்று குரல் வேண்டும், அதிலும் பாட்டு வேண்டும். நாடகக் கம்பெனியில் தொண்டையைத் தீட்டி வளர்ந்த பாடகர்கள்தான் இனி கதாநாயகர்கள். வாய் திறக்காமல் புகழ் பெற்ற பலர் வேலை இழந்தார்கள்.

ராஜா சாண்டோ அப்படி ஒரேயடியாகக் காணாமல்போகவில்லை. ‘இந்திரா எம்.ஏ.’ (1934) போன்ற இந்திப் பேசும் படங்களில் நடித்தார். ஆனாலும் இனி தன் பலம் கேமராவுக்குப் பின்னால்தான் என்பதைப் புரிந்துகொண்டார். பாடத் தெரிந்த நடிகர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சினிமா எடுக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பத்தாண்டுக்கும் மேற்பட்ட பம்பாய் அனுபவம் அப்போது பெரிய சொத்து.

‘மேனகா’ முதல் ‘திருநீலகண்டர்’ வரை

1935-இல் வந்த ‘மேனகா’ அந்தச் சொத்தின் முதல் வட்டி. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடத்திப் புகழ் பெற்றது. படப்பிடிப்பு பம்பாய் ரஞ்சித் ஸ்டுடியோவில். இயக்கம் ராஜா சாண்டோ. நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கத்திப் பழகியவர்களை, கேமராவுக்குத் தக்கபடி அடக்கி நடிக்கவைப்பது லேசான காரியமா? கண்டிப்பான இயக்குநர் என்று சாண்டோவுக்குப் பெயர். அவர் தளத்துக்குள் வந்தால் சத்தம் அடங்கிவிடும் என்பார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரையில் முதலில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான். அவர் முதலில் நடிக்கத் தொடங்கிய படம் ‘சதி லீலாவதி’ என்றாலும், ‘மேனகா’ முந்திக்கொண்டு வெளியாகிவிட்டது.

அடுத்து ‘வசந்தசேனா’ (1936), ‘சந்திரகாந்தா’ (1936), ‘மைனர் ராஜாமணி’ (1937), ‘விஷ்ணு லீலா’ (1938). ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலை வைத்து எடுத்த ‘சந்திரகாந்தா’வில் ஒரு புது நடிகர் அறிமுகமானார். அவரும் புதுக்கோட்டைக்காரர், பி.யு. சின்னப்பா. பிறகு பாகவதருக்கு இணையாகப் பேசப்பட்ட நட்சத்திரம்.

1939-இல் ‘திருநீலகண்டர்’. பாகவதர் அப்போது தமிழ்நாட்டின் கனவு நாயகன். தன் சொந்தப் படத்தை இயக்க அவர் தேர்ந்தெடுத்தது ராஜா சாண்டோவை. பாபநாசம் சிவனின் பாடல்கள், என்.எஸ். கிருஷ்ணன் - டி.ஏ. மதுரம் நகைச்சுவை, பாகவதர் குரல் என எல்லாம் கூடிவந்து படம் பெரிய வெற்றி பெற்றது. குரலே இல்லாத சினிமாவில் வளர்ந்த ஒருவர், குரலுக்காகவே ஓடிய படத்தை இயக்கி ஜெயித்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

பிறகு தெலுங்கில் ‘சூடாமணி’ (1941), தமிழில் ‘ஆராய்ச்சிமணி அல்லது மனுநீதி சோழன்’ (1942).

கடைசி அத்தியாயம் கசப்பானது. கோயம்புத்தூரில் பட்சிராஜா பிலிம்ஸின் ‘சிவகவி’ படத்தை இயக்கத் தொடங்கினார் ராஜா சாண்டோ. தயாரிப்பாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. சாண்டோ விலக நேர்ந்தது. மீதியை நாயுடுவே இயக்கி முடித்தார். 1943-இல் வெளியான ‘சிவகவி’ தமிழ் சினிமாவின் பெரிய வெற்றிகளில் ஒன்று. இயக்குநர் என்ற இடத்தில் ஸ்ரீராமுலு நாயுடு பெயர்தான் இருந்தது. 50 வயதைத் தொடுவதற்கு முன்பே, அதே கோயம்புத்தூரில் ராஜா சாண்டோ காலமானார்.

கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் இந்தச் சினிமா எப்படி வந்தது?

ராஜா சாண்டோ மௌனப் படம் எடுத்த காலத்தில் கள்ளக்குறிச்சி ஒரு தனி மாவட்டம் இல்லை. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. மாவட்டத் தலைநகர் கடலூர். இன்றைய மாவட்டம் 2019-இல்தான் பிறந்தது.

அப்போது சினிமா ஊர் ஊராக வந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பியது தமிழ்நாட்டின் டூரிங் சினிமாவுக்குத் தொடக்கம். படப்பெட்டி ரயிலில் வரும். ரயில் இல்லாத ஊருக்கு மாட்டுவண்டியில் போகும். சேலம் - விருத்தாசலம் ரயில் பாதை சின்னசேலம் வழியாகத்தான் போகிறது, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் வரவில்லை. அதனால் இந்தப் பக்கத்துக்குப் பெட்டி வந்து சேர்வதே ஒரு பயணம்தான்.

மின்சாரம் இல்லாத இடத்தில் எஞ்சின் வைத்து ஓட்ட வேண்டும். 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர் என நீர்மின் நிலையங்கள் வந்த பிறகுதான் சென்னை மாகாணத்தின் ஊர்களில் கொட்டகைகள் பெருகின. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து, ரீல் மாற்றும் இடைவேளைகளில் முறுக்கு கடித்து, பாட்டுப் புத்தகம் வாங்கி வீட்டுக்குப் போன தலைமுறை உருவானது அப்போதுதான்.

ஆனால் மலை மேலே கதை வேறு. கல்வராயன் மலைக் கிராமங்கள் பல தலைமுறைகளாக மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்தன. அரசு அவற்றைக் கையகப்படுத்தியதே 1976-இல்தான். சாலையும் மின்கம்பமும் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறின. கீழே சின்னசேலத்தில், சங்கராபுரத்தில் இரண்டு தலைமுறை பாகவதர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சினிமா என்பது இறங்கிப்போய்ப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். சினிமா எல்லோருக்கும் பொது என்பார்கள். அது எல்லோரையும் போய்ச் சேர ரோடு வேண்டும், கரண்ட் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலத்தில், டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கன், அங்கே ‘மந்திரி குமாரி’ (1950) போன்ற படங்களை இயக்கினார். 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு ஹாலிவுட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ படத்தை எடுத்தது. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று அமெரிக்க நடிகர்கள் நடித்தார்கள். தமிழில் அது ‘காடு’. ஹாலிவுட்டே சேலம் வரை வந்துவிட்டது. பக்கத்து மலைக்கு மட்டும் சினிமா வந்து சேரவில்லை.

சாண்டோவும் டங்கனும் இரண்டு வழிகளுக்கு உதாரணம். ஒருவர் கல்லூரியில் படித்து வந்தவர். இன்னொருவர் தளத்தில் நின்று கற்றவர். தமிழ் சினிமாவைத் தூக்கி நிறுத்தியதில் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் டங்கனின் பல படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. சாண்டோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தப் படங்கள் எல்லாம் எங்கே போயின?

பழைய படச்சுருள் நைட்ரேட் என்ற ரசாயனப் பொருளால் ஆனது. சுலபமாகத் தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, பொடிந்துபோகும். அதோடு அதில் கொஞ்சம் வெள்ளி இருக்கும். படம் ஓடி முடிந்ததும், அந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய சுருள்களைக் கழுவி உருக்கினார்கள். படம் பேசத் தொடங்கிய பிறகு, பேசாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். அவர்கள் கணக்கில் அது குப்பை.

இது இந்தியாவில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் எடுக்கப்பட்ட சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான வடிவத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று சொன்னது. பணமும் வசதியும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

இந்தியாவில் சுமார் 1,300 மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை மிகச் சில. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் முழுநீளமாகக் கிடைத்திருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றுதான். அதுவும் வழக்கு ஒன்றில் சிக்கித் திரையிட முடியாமல் முடங்கியதால் பிழைத்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும்! புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. காப்பாற்றிய நைட்ரேட் சுருள்களிலும் ஒரு பெரும் பகுதி 2003-இல் அங்கே நடந்த தீ விபத்தில் கருகியது. முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வே இன்று இல்லை என்றால், ‘பேயும் பெண்ணும்’ எங்கே கிடைக்கும்?

இல்லாத படத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

நியாயமான கேள்வி. யாரும் பார்க்க முடியாத படத்தை எடுத்தவரை நினைத்து என்ன ஆகப் போகிறது?

ஒரு சமூகம் தன் கதையை எப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டது என்பதற்கான சாட்சி அந்தப் படங்கள். 1930-இல் தமிழ்நாட்டுத் தெரு எப்படி இருந்தது, பெண்கள் எப்படி நடந்தார்கள், ‘நந்தனார்’ கதையை அன்றைய சென்னை எப்படிப் பார்த்தது என்பதற்கெல்லாம் கண்ணால் காணும் ஆதாரம் போய்விட்டது. எழுதிவைத்தவர்களின் வார்த்தைகள் மட்டும்தான் மிச்சம். எழுதப்படாதவர்கள், கேமராவுக்குப் பின்னால் விளக்குப் பிடித்தவர்கள், துணை நடிகர்கள், கூட்டத்தில் நின்றவர்கள் தடமே இல்லாமல் மறைந்துபோனார்கள்.

படம் இல்லாவிட்டாலும், படத்தைச் சுற்றி இருந்தவை இன்னும் கிடைக்கின்றன. சினிமா வரலாற்று ஆய்வாளர்கள் சாண்டோ காலத்தை மீட்டெடுத்தது இப்படித்தான். கொட்டகை நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பத்திரிகை விளம்பரம், ஸ்டில் போட்டோ என்று துண்டு துண்டாகச் சேர்த்து. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட பழைய அச்சுப் பொருள்கள் பாதுகாக்கப்படுகின்றன. அந்த நூலகமே, செட்டிநாட்டில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த புத்தகங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இருந்துதான் பிறந்தது.

வீட்டில் பழசு ஏதாவது இருந்தால் என்ன செய்வது?

தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில், பரணில், மூடிக்கிடக்கும் பழைய கொட்டகை அறையில் இப்படிப்பட்டவை கிடக்க வாய்ப்பு உண்டு. கண்ணில் பட்டால் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ என்றால், லேமினேஷன் போடக் கூடாது, செலோ டேப் ஒட்டக் கூடாது. இரண்டுமே தாளைச் சில ஆண்டுகளில் கெடுத்துவிடும். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் தட்டையாக வைத்தாலே போதும். பின்பக்கத்தில் கொட்டகையின் பெயரோ தேதியோ பேனாவால் எழுதியிருந்தால் அதை அழிக்காமல் விட வேண்டும். பல சமயம் படத்தைவிட அந்தக் குறிப்புதான் ஆய்வாளருக்குப் பெரிய புதையல்.

படச்சுருள் பெட்டி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1950-களுக்கு முந்தைய சுருள் நைட்ரேட்டாக இருக்கலாம். திறந்ததும் காரமான நெடி அடித்தாலோ, சுருள் ஒட்டிக்கொண்டு பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ, அதை வீட்டுக்குள் வைத்திருப்பது ஆபத்து. நெருப்பு, வெயில், அடுப்படி எதன் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன்னால், புனே ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லலாம். இப்போது அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது.

கீழ்நாட்டில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள், ஆபரேட்டராக இருந்தவர்கள், மலையிலிருந்து இறங்கிவந்து முதல் படம் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பதைச் செல்போனில் பதிவு செய்துவைப்பதும் ஆவணம்தான். என்ன படம், எந்த ஊர்க் கொட்டகை, டிக்கெட் எவ்வளவு, யாரோடு போனார்கள் என்று நாலு கேள்வி கேட்டால் போதும்.

பயில்வானாகக் கிளம்பி, பீமனாக நடித்து, டைப்பிஸ்ட் பெண்ணின் காதலனாக மாறி, பாகவதரை இயக்கி, தன் கடைசிப் படத்தில் பெயர் இல்லாமல் போனவர் ராஜா சாண்டோ. அடுத்த முறை விருதுப் பட்டியலில் அவர் பெயர் வரும்போது, அது ஒரு சிலையின் பெயராக மட்டும் நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் யாருக்கும் சினிமா எடுக்கத் தெரியாத காலத்தில், எடுத்துக் காட்டிய ஒரு தொழிலாளியின் பெயர் அது.